உமையாளைத் தரையில் விட்டது

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் உமையாளுக்கு ஒரு வயது நிறைந்தது. ஈப்போவில் எங்கள் வீட்டு ஹாலில் என் கணவருடைய சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் கூடியிருந்தார்கள். மூலையில் பரிசுகள் குவிந்தன. அதில் மிகப் பெரிய பெட்டிக்குள் ஒரு வாக்கர் இருந்தது. வட்டமான சட்டம், அடியில் சக்கரங்கள், நடுவில் பிள்ளையை உட்கார வைக்கத் துணித்தொட்டி, முன்னால் பாட்டுப் பாடும் பொத்தான்கள். பெட்டியின் மேல் தமிழைத் தவிர மற்ற மொழிகளிலெல்லாம் எழுதியிருந்தார்கள்: கால்களுக்கு வலு, மூளைக்குச் சுறுசுறுப்பு, தாய்க்கு நிம்மதி. இந்த மூன்றில் கடைசியைத் தவிர எதையும் நான் நம்பவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குப் போனேன். என் கணவர் சொக்கலிங்கம் பின்னாலேயே வந்தார்.

"மெய்யு, கொண்டுவந்தவங்க இன்னும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்காங்க. கொஞ்ச நேரம் வெளியிலயே இருக்கட்டும்லா."

"அவங்க கிளம்பற வரைக்கும் இருக்கட்டும். பிள்ளைய மட்டும் அதுல வைக்கக் கூடாது."

இந்த வாக்கர் விஷயத்தில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்கள் தொலைபேசியில் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னபோதும் இதையேதான் கேட்டார்கள். "நடக்கிறாளா? வாக்கர் வாங்கலையா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. இங்கே எழுதிவிடுகிறேன்.

2

காரைக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்தேன். இவர் ஈப்போவிலேயே பிறந்தவர். கணக்குத் தணிக்கை செய்கிறார். நான் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வது என் வேலை. எல்லாம் சரியாக ஓடினால் எனக்கு நிம்மதி வராது. எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோம் என்றுதான் தோன்றும். இந்தப் புத்தியைக் கணினியோடு அணைத்துவைக்க எனக்குத் தெரியவில்லை.

உமையாள் பிறந்ததும் இவர் கடை கடையாகப் போனார். இவர் எந்தப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் நம்புகிறவர். மின்சாரத்தில் தானே ஆடும் ஊஞ்சல், சாய்ந்து துள்ளும் நாற்காலி, உட்காராத பிள்ளையையும் உட்கார வைக்கும் ரப்பர் இருக்கை, காடிக்கு ஒரு இருக்கை. இங்கே காரைக் காடி என்பார்கள். எனக்கும் இப்போது அதுதான் வாயில் வருகிறது. காடி இருக்கையைப் பின் சீட்டிலிருந்து கைப்பிடியோடு கழற்றி, தூங்கும் பிள்ளையை அப்படியே வீட்டுக்குள் தூக்கி வரலாம். எனக்கும் அது மிகவும் பிடித்துப்போயிற்று.

பேறுகால விடுப்பு முடிந்தபோது, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. பக்கத்துத் தாமானில், அதாவது பக்கத்துக் குடியிருப்பில், இருக்கும் அற்புதம் அக்காவைச் சொன்னார்கள். கிறிஸ்தவர். கணவர் காலமாகிவிட்டார். மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பிறகு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வில் இருந்தார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பிள்ளை பார்க்க ஒப்புக்கொண்டார்.

"நீ கவலப்படாத தங்கச்சி. ஒம் பிள்ளைய நான் நல்லா ஜாகா பண்ணிக்கிறேன்லா."

ஜாகா என்றால் பார்த்துக்கொள்வது, வால்போல ஒட்டிவரும் லா இங்கத்துப் பேச்சுவழக்கு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு நாள் ஆயிற்று. "பாப்பா பசியாறிட்டா" என்று காலையில் செய்தி அனுப்புவார். அதற்கு முன் பிள்ளை ஏதோ பட்டினி கிடந்ததுபோல எனக்குப் பகீர் என்றிருக்கும். இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் நடந்தது. நான் "வா" என்று கை நீட்டினால் உமையாள் சும்மா பார்ப்பாள். அக்கா "மாரி, மாரி" என்றால் உடனே கையை நீட்டுவாள். எங்களூர்க் காது எனக்கு. சிலுவை மாட்டிய வீட்டில் எதற்கு மாரியாத்தாளைக் கூப்பிடுகிறார், பிள்ளைக்கு ஏதாவது மந்திரிக்கிறாரா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் இவரிடம் கேட்டேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோறு புரையேறச் சிரித்தார். மலாயில் மாரி என்றால் வா. என் மகள் "வா"வுக்கு முன்பு "மாரி"யைக் கற்றுக்கொண்டுவிட்டாள். சிரித்துவிட்டேன், ஆனால் அன்று முழுக்க நெஞ்சில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

3

எட்டாம் மாதத்துப் பரிசோதனைக்கு அரசு கிளினிக்குக்குப் போனோம். அங்கே என் மகள் இந்த நாட்டுக்காரி, நான் வெளிநாட்டுக்காரி. அவளுடைய பிறப்புச் சான்றை ஒரு பார்வை பார்ப்பார்கள். என் கடவுச்சீட்டை முன்னும் பின்னும் புரட்டுவார்கள். அதில் என் பெயரோடு அப்பா பெயரும் இருப்பதால் "ராமநாதன்! ராமநாதன்!" என்று கூப்பிடுவார்கள். பிள்ளைகளோடு இருக்கும் பெண்கள் எல்லாரும் அந்த ஆம்பிளையைத் தேடித் திரும்பிப் பார்ப்பார்கள். நான் எழுந்து போவேன்.

தாதி உமையாளின் தலையை மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார். பிள்ளை எப்போதும் வலது பக்கம் "பூசிங்"கா என்று கேட்டது மட்டும் எனக்கு விளங்கியது. பத்துகாஜா போகும் வழியில் பூசிங் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது.

"இல்லை, நாங்கள் ஈப்போ. பூசிங்கில் யாரும் இல்லை" என்று எனக்குத் தெரிந்த மலாயில் அழுத்திச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. தன் தலையை வலது பக்கம் திருப்பிக் காட்டினார். பூசிங் என்றால் திரும்புவது. பிறகு என் கையைப் பிடித்து உமையாளின் பின்தலையில் வைத்தார். வலது பக்கம் தட்டையாக இருந்தது. இடது பக்கம் உருண்டையாக இருந்தது. தினமும் எண்ணெய் தடவிக் குளிப்பாட்டும் தலை அது. அன்றுவரை எனக்கு அது தெரியவில்லை.

அதற்குப் பிறகு தாதி சைகையோடு கேட்டவை எல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தன. குப்புறப் படுக்கிறாளா? அழுவாள். இரண்டு பக்கமும் உருளுகிறாளா? வலது பக்கம் மட்டும். பிடிக்காமல் உட்காருகிறாளா? சாய்ந்துவிடுவாள். நிற்க வைத்தால் பாதம் ஊன்றுகிறாளா? தாதியே நிறுத்திப் பார்த்தார். உமையாள் கால்விரல் நுனியில் நின்று தரையை உந்தினாள்.

"வாக்கர் பாக்காய்?" என்றார் தாதி. வாக்கர் உபயோகிக்கிறீர்களா என்று.

"இல்லை. எங்கள் வீட்டில் வாக்கரே கிடையாது."

அதை மட்டும் நான் வாங்கவிடவில்லை. ஊரில் என் பெரியப்பா மகனின் பிள்ளை வாக்கரோடு படியில் உருண்டு நெற்றி பிளந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். பிள்ளையை ஒப்படைத்த முதல் நாளே அற்புதம் அக்காவிடமும் வாக்கர் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

டாக்டர் பார்த்து, பயப்படும்படி வேறெதுவும் இல்லை என்றார். ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் அந்தக் கால்விரல் நுனிதான் என் கண்ணில் நின்றது. அதை எங்கே பழகினாள்?

4

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அற்புதம் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல் இரும்புக்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே மீன் பொரிக்கும் சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் நுழைந்தேன்.

ஹாலில் கூரைக் கொக்கியிலிருந்து ஸ்பிரிங் தொங்கியது. அதில் மாட்டிய துணித்தொட்டில் காலியாக இருந்தது. சமையலறை வாசலில், அடுப்பிலிருந்து தள்ளி, என் மகள் ஒரு பழைய மஞ்சள் வாக்கரில் உட்கார்ந்து, கால்விரல் நுனியால் தரையை உந்தி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

நான் நினைத்தது சரியாகிவிட்டது. பல வருடமாகக் குறை கண்டுபிடிப்பவள் நான். கண்டுபிடித்த நேரத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். அன்று அது வரவில்லை.

"அக்கா!"

அவர் திரும்பினார். கரண்டி கையிலேயே நின்றது. முதலில் அடுப்பை அணைத்தார்.

"எவ்வளவு நாளா நடக்குது இது? வேண்டாம்னு சொன்னேன்ல?"

"சொன்ன. சொன்னது ஞாபகம் இருக்கு."

"அப்ப ஏன் வச்சீங்க? ஏன் என்கிட்ட மறைச்சீங்க? அவ கால் எப்படி இருக்குன்னு கிளினிக்ல கேக்கிறாங்க. வாக்கரே இல்லைன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன் நான்!"

அக்கா என் பக்கம் வந்தார். சட்டையின் கையைத் தோள்வரை ஏற்றினார். முழங்கைக்கு மேலே தோல் சுருங்கி, வழவழப்பாக, வேறு நிறத்தில் இருந்தது.

"எஸ்டேட்டுல எங்கம்மா விடியக்காலம் பால்மரம் சீவப் போயிரும். எங்கள எல்லாம் ஆயாக்கொட்டகையில விட்டுட்டுப் போவாங்க. லீவு நாள்ல மட்டும் லயத்து வீட்டுல இருப்போம். அப்படி ஒரு நாளு நான் தவந்து போயி கஞ்சிப் பானைய இழுத்துட்டேனாம். எனக்கு ஞாபகம் இல்ல. கை மட்டும்தான் இருக்கு." சட்டையை இறக்கிவிட்டார். "அடுப்புல எண்ண கொதிக்கிறப்ப பிள்ளைய கீழ விட என்னால தாஹான் பண்ண முடியாதுலா தங்கச்சி, மனசு தாங்காது. தொட்டில்ல அழுவுறா. வாக்கர்ல போட்டா இந்த வாசலத் தாண்டாது, பலகை வச்சிருக்கேன் பாரு."

உண்மைதான். வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை இருந்தது.

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பிள்ளைய தூக்கிட்டுப் போயிருவ."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

5

நாலைந்து நாள் நானே வைத்துக்கொண்டேன். அலுவலகக் கூட்டத்தில் கணினி வழியே பேசும்போது உமையாளை ஊஞ்சலில் வைத்தேன். அழுதால் துள்ளும் நாற்காலி. அதிலும் அழுதால் ரப்பர் இருக்கை. இவர் சொன்னார்: "அக்கா செஞ்சது தப்புதான். ஆனா நல்ல மனுசி, மெய்யு. ஆஸ்பத்திரிக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போலாம்."

நான் சரியென்றேன். என் எண்ணம் வேறு. வாக்கர் எவ்வளவு கெடுதல் என்று அங்கேயே, சிகிச்சையாளர் வாயாலேயே, அவர் கேட்கட்டும்.

சிகிச்சையாளர் ஒரு மலாய்ப் பெண். முக்காட்டுக்கு மேல் கண்ணாடி. மெல்லப் பேசினார். உமையாளின் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது, பயிற்சியில் சரியாகும் என்றார். நான் உடனே வாக்கரைப் பற்றிச் சொன்னேன். ஆமாம், அது வேண்டாம் என்றார். நான் அற்புதம் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தப் பெண் அதோடு விடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு துணிப்பொம்மையை எடுத்து என் கையில் கொடுத்தார். "காலையில் கண் விழித்ததிலிருந்து இவள் எங்கெங்கே இருக்கிறாள் என்று பொம்மையை வைத்துக் காட்டுங்கள்." நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அக்கா மலாயில். அறையில் இருந்த நாற்காலி, கூடை, தலையணை எல்லாம் எங்கள் வீட்டுச் சாமான்களாயின.

தொட்டில்கட்டிலிலிருந்து துள்ளும் நாற்காலிக்குப் பொம்மையை மாற்றினேன். நான் குளித்துவிட்டு வரும்வரை அங்கே. அப்புறம் பசியாற ரப்பர் இருக்கை. அப்புறம் காடி இருக்கை. பொம்மையை அற்புதம் அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைக் காடி இருக்கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "தூங்குறப்ப எழுப்ப மாட்டேன். இவங்க அப்படியே கொண்டாந்து தருவாங்க." பிறகு துணித்தொட்டில், வாக்கர், மறுபடி தொட்டில். சாயங்காலம் மறுபடி காடி. என் கைக்குப் பொம்மை வந்தது. ஊஞ்சல். இவர் வந்தால் மடி. பிறகு தொட்டில்கட்டில்.

எங்களுக்கு நடுவில் ஒரு நீலப் பாய் விரித்திருந்தது. பொம்மை ஒரு தடவைகூட அதில் படவில்லை.

அந்தப் பெண் குனிந்தார். பாயைக் கையால் தட்டிக் காட்டினார், அவ்வளவுதான். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் "பாத்தியா" என்ற தோரணை இல்லை. அவர் முகத்திலும் அதே திடுக்கிடல்தான். பாதி நாள் அவருடையது, பாதி நாள் என்னுடையது. இவள் இங்கே தரையில் இல்லாவிட்டாலும் அங்கே இருப்பாள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம்.

பிறகு சிகிச்சையாளர் ஒவ்வொன்றாகச் சொன்னார். காடி இருக்கை காடியில் கட்டாயம் வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். காடி நின்றதும் பிள்ளையை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். இரவில் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். விழித்திருக்கும்போது தரை. முதலில் கொஞ்ச நேரம் குப்புற, நெஞ்சுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து. விளையாட்டுச் சாமானை இடது பக்கமே காட்டுங்கள். துள்ளும் நாற்காலி உங்கள் குளியல் நேரத்துக்குப் போதும். நடக்க ஆசைப்படும்போது, பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் கனமான வண்டி கொடுக்கலாம்.

"எந்தச் சாமான் பிள்ளையை வளர்க்கும்?" என்று நான் கேட்டேன். அதுவும் ஒரு பெட்டியைப் படித்த கேள்விதான்.

"பிள்ளை தானே அசைய இடம் விடுகிற எதுவும்" என்றார்.

6

அறைக்கு வெளியே அடுத்த தேதி வாங்கும் கவுண்டர் வரிசையில் நின்றோம். அற்புதம் அக்கா பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நாளைலருந்து கொண்டாரியா, இல்ல வேற ஆள் பாக்குறியா?"

"அடுப்புக்கு என்ன செய்வீங்க?"

"அதான் யோசிக்கிறேன்."

எனக்கும் அதே யோசனைதான். அந்தக் கையைப் பார்த்த பிறகு, பிள்ளையைத் தரையில் விடுங்கள் என்று சும்மா சொல்லிவிட்டு வர முடியாது. என் கணவர்தான் ஒரு வழி சொன்னார். பாட்டுப் பாடாத, ஆடாத, மின்சாரம் இல்லாத ஒரு சாமான்: பிளாஸ்டிக் வேலி. பலகை பலகையாகக் கோத்து ஹாலின் நடுவில் நிறுத்தினால் ஒரு சின்னக் கொல்லை. உள்ளே ரப்பர்ப் பாய். பிள்ளைக்குத் தரை கிடைக்கும், அடுப்பு எட்டாது. இவர் காம்பாரில் ஒரு வீட்டிலிருந்து பழையதாக வாங்கி வந்தார். நான் ஒவ்வொரு இணைப்பையும் ஆட்டிப் பார்த்தேன். விரல் நசுங்குமா, சாய்ந்தால் விழுமா, பலகைகளுக்கு நடுவில் தலை மாட்டுமா என்று பார்த்தேன். இவர் பொறுமையாக நின்றார்.

அற்புதம் அக்காவின் ஹால் சின்னது. வேலி வைக்க இடமில்லை. நாங்கள் கொண்டுபோன அன்று பார்த்தால், அவருடைய பெரிய சோபா வாசல் தாழ்வாரத்தில் கிடந்தது, மழை படாமல் மேலே ஒரு தார்ப்பாய். மஞ்சள் வாக்கர் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், சக்கரங்கள் கழற்றி.

"சோபாவ ஏன் வெளிய போட்டீங்க அக்கா? நீங்க எங்க உக்காருவீங்க?"

"பாயிலதான். பிள்ளையோட."

எதற்காக இவ்வளவு செய்கிறார் என்று வழக்கம்போல யோசித்தேன். பிள்ளை பார்க்கும் வேலை கையை விட்டுப் போய்விடும் என்ற பயமா? என்னைச் சரிக்கட்டவா? ஒரு வாரம் கழித்து, மறந்துவிட்ட பால்புட்டியைக் கொடுக்கப் போனேன். ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா வேலிக்குள் குப்புறப் படுத்திருந்தார். அவருக்கு எதிரே உமையாள் குப்புற. இரண்டு பேரும் தலையைத் தூக்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உமையாள் அழுதாள், அக்கா முனகினார், உமையாள் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். நான் புட்டியைக் கதவில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

7

வாரங்கள் ஓடின. எங்கள் வீட்டில் ஊஞ்சல் சாமான் அறைக்குப் போனது. நான் மடிக்கணினியோடு தரைக்கு இறங்கினேன். உமையாள் இடது பக்கமும் உருண்டாள். கையூன்றி உட்கார்ந்தாள், பிறகு ஊன்றாமலும். தலையின் தட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, முடி மறைத்துவிடும் என்கிறார்கள். அதையும் நான் தினமும் தடவிப் பார்க்கிறேன்.

தவழ்வது மட்டும் வரவில்லை. தினமும் சாயங்காலம் வாசலில் கேட்பேன். "இன்னிக்கு ஏதாவது புதுசா செஞ்சாளா?" அக்கா தலையாட்டுவார். "ஒண்ணுமில்ல தங்கச்சி. தூங்குனா, சாப்ட்டா."

ஒரு சாயங்காலம் வீட்டு ஹாலில் இவர் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். உமையாள் உட்கார்ந்த இடத்திலிருந்து முன்னால் சாய்ந்தாள். முட்டி போட்டாள். ஒரு கையை எடுத்து வைத்தாள், பிறகு மறு முட்டி. மேசைக்கடியில் கிடந்த செருப்புவரை தடுமாறாமல் போய் அதைப் பிடித்து வாயில் வைத்தாள். இவர் கத்திவிட்டார். நான் அழுதேன். உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஐயோ, அப்படியா! ஆண்டவரே! நான் பாக்கக் குடுத்து வைக்கலியே!"

குரல் கொஞ்சம் அதிகமாகவே துள்ளியது.

அன்று குளிப்பாட்டும்போது உமையாளின் முட்டிகளைப் பார்த்தேன். இரண்டிலும் தோல் சிவந்து, லேசாகக் காய்த்திருந்தது. ஒரு சாயங்காலத்தில் காய்க்கிற காய்ப்பு இல்லை. அக்கா வீட்டிலிருந்து வந்த பையைத் துழாவினேன். கால்சட்டைகள் எல்லாம் துவைத்து மடித்திருந்தன. முட்டிப் பக்கம் மட்டும் நிறம் வெளுத்து நூல் தெரிந்தது. மேசைவரை அவள் தடுமாறாமல் போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்டுபிடித்துவிட்டேன்: அக்கா வீட்டில் இவள் பல நாளாகவே தவழ்ந்திருக்கிறாள்.

மறுநாள் காலை பிள்ளையை ஒப்படைக்கும்போது கேள்வி தொண்டைவரை வந்தது. எத்தனை நாளாக? அக்கா கதவைத் திறந்தார். உமையாளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் எதையும் பார்க்காத ஒருவரின் ஆவல் அப்படியே இருந்தது.

"சொல்லு தங்கச்சி, எப்படிப் போனா? மொதல்ல எந்தக் கைய எடுத்து வச்சா?"

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் இமைக்கவில்லை.

"இடது கை அக்கா" என்றேன். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பாயில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.